கழித்த ஐந்து

திரையில் பிழை விகிதம் நூற்றுக்கு ஏழு என்று இருந்தது. ஏழு நல்ல எண்தான். ஆனாலும் அவள் அதை நம்பவில்லை. பக்கத்துத் திரையில் இரண்டு இயந்திரங்களும் பேசிக்கொண்டிருந்த பேச்சு ஏழுக்கான பேச்சு இல்லை.

நகரத்தின் அந்த முனையில், நீதிமன்றத்தின் அடித்தளத்தில், ஒரு இயந்திரம் ஒளித்துகள்களைக் கண்ணாடி இழை வழியாக ஒவ்வொன்றாக அனுப்புகிறது. இந்த முனையில், பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் பின்னறையில், இன்னொன்று அவற்றை டிடெக்டரில் எண்ணி வாங்கிக்கொள்கிறது. அனுப்பியதையும் வந்ததையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இலக்க வரிசையை உருவாக்கிக்கொள்கின்றன. அதுதான் சாவி. வழியில் எவனாவது அந்தத் துகள்களைத் தொட்டுப் பார்த்தால் அவை கலையும். கலைந்தால் பிழை வரும். ஆகவே, பிழை எவ்வளவோ அவ்வளவும் திருடன் கைவைத்ததுதான் என்று வைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய பங்கு அழியும்படி சாவியைச் சுருக்கிவிடுவார்கள். பதினொன்றைத் தாண்டினால் சுருக்கியது போக ஒன்றுமே மிஞ்சாது. சாவி கிடையாது, அவ்வளவுதான்.

இதில் அவள் காட்டும் கறாரைப் பார்த்துத்தான், இந்த லைனைப் போட்டுக்கொடுக்கும் கணவன் வீட்டுக் குடும்பக் கம்பெனியில் எல்லோரும் அவளுக்குப் ‘பதினொண்ணு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த பெயர். இப்போது வீட்டுக்கு வரும் கேபிள் ஆட்கள்கூட, “பதினொண்ணு அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சாவியைக் கொண்டு பூட்டி அனுப்பப்போவது விலாசங்களை. கணவனிடமிருந்தும் அண்ணன் தம்பிகளிடமிருந்தும் உயிருக்குப் பயந்து ஓடிவந்த பெண்கள் ஒளிந்திருக்கும் வீடுகளின் விலாசங்கள். முன்பு ஒருமுறை ஒரு விலாசம் கசிந்து, ஒரு பெண்ணின் அண்ணன் கத்தியோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடே. இன்று மதியம், அந்த வீடுகளுக்குப் பொறுப்பான காப்பாளரிடம் ஒப்படைப்பு. அவள் கையெழுத்துப் போட்டால் லைன் அதிகாரபூர்வமாகத் தொடங்கிவிடும்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு இன்றைக்குத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். வந்தவுடன் பார்த்தது இது. பிழையைத் திருத்த இரண்டு இயந்திரங்களும் திறந்த லைனில் பேசிக்கொள்ள வேண்டும். பிழை அதிகமானால் பேச்சும் நீளும். இவை பேசிக்கொண்டிருந்த நீளம் பன்னிரண்டுக்கு உரியது. பன்னிரண்டில் சாவி பிறக்கவே கூடாது. இங்கேயோ கொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் டீ தம்ளரோடு கணவன் உள்ளே வந்தான்.

“யார் இதுல கை வச்சது?” என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

“நான்தான். அதுக்கு ஏன் இப்படி முறைக்கிறே? டீயை வச்சுட்டுப் பேசறேனே.”

“வை. பேசு.”

“நீ படுத்ததிலேர்ந்து பன்னிரண்டு பன்னிரண்டுன்னு வந்துகிட்டே இருந்துச்சு. பெட்டியைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டேன். அதுல அஞ்சு நம்ம சொந்த இரைச்சல். டிடெக்டர் சும்மாவே அப்பப்ப கிளிக் பண்ணும், இழையில எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம் கசியும், உனக்குத் தெரியாததா? எல்லாத்தையும் அளந்து பார்த்துட்டுத்தான் செஞ்சேன். நம்ம வீட்டுச் சத்தத்துக்கு எதுக்குத் திருடன் மேல பழி போடணும்? அஞ்சைக் கழிச்சேன்.”

“கழிச்சே.”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.”

“சொல்லியிருந்தா போர்வையை உதறிட்டு வந்து நின்னிருப்பே. நூத்தி ரெண்டு ஜுரம் உனக்கு. நான் என்ன செய்ய?”

அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அன்பால் செய்தேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் போகிறது. ராத்திரியெல்லாம் அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றிய அதே கைதான் பகலில் வந்து ஐந்தைக் கழிக்கும் வரியை நிரலில் எழுதியிருக்கிறது. ஈரத்துணிக்காக இதை மன்னிக்க வேண்டுமா? முடியாது.

“நம்ம வீட்டுல ஒரு நாய் இருக்குன்னு வை,” என்றாள். “தினம் ராத்திரி குலைக்குது. உனக்குப் பழகிப்போச்சு. ஒரு நாள் திருடன் வர்றான். நாய்க்கு பிஸ்கெட் போட்டு வாயை அடைச்சுட்டு, அது குலைக்கிற அளவுக்கே அவன் சத்தம் பண்றான். நீ என்ன பண்ணுவே? ‘நம்ம நாய்தானே’ன்னு திரும்பிப் படுத்துப்பே. அதைத்தான் பண்ணியிருக்கே. அஞ்சு அளவுக்குத் திருடிக்கோப்பா, கேட்க மாட்டேன்னு அவனுக்கு வாசலைத் திறந்து வச்சிருக்கே.”

“நாமதான் நாய் வளர்க்கலையே.”

“வளர்த்திருந்தா அதாவது நன்றியோட இருந்திருக்கும்.”

அவன் சிரிக்க முயன்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். “இல்ல, கேளு. அந்த அஞ்சு நம்மளோடதுதான். சத்தியமா அளந்தேன்.”

“அளந்தியா? சரி. இப்ப அளப்போம்.”

அவள் விசைப்பலகையை இழுத்து, நீதிமன்றத்து இயந்திரத்தின் வாயை இங்கிருந்தபடியே மூடினாள். இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துகள்கூடக் கிளம்பாது. ஆனால் இந்தப் பக்கத்து டிடெக்டர் கிளிக் கிளிக் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. சும்மா கிளிக் செய்வது என்றால் ஏதோ ஒன்றிரண்டு. இது அடைமழை.

“இது டிடெக்டரோட குணமா?” என்றாள்.

அவள் கையடக்க மீட்டரை எடுத்து, மற்ற நிறங்களைப் பிரித்துத் தள்ளும் வடிகட்டியின் பக்கவாட்டுத் துளையில் செருகினாள். முள் எகிறியது. அந்தக் கண்ணாடி இழைக்குள் வேறொரு நிறத்தில் பலமான வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் மிக்ஸி ஓடும்போது காதில் ரகசியம் சொல்வது போலத்தான். பலமான வெளிச்சம் இழைக்குள் சிதறும். சிதறியதில் கொஞ்சம் நிறம் மாறி நம் நிறத்தில் வந்து விழும். வடிகட்டியால் அதைப் பிரிக்க முடியாது. டிடெக்டரும் அதை நம்முடைய துகள் என்றே எண்ணிக்கொள்ளும்.

“இந்த இழையில நம்மளைத் தவிர யாரும் கிடையாதே,” என்றான் அவன். அவன் குரல் இறங்கிவிட்டது.

“நீ அளந்தப்பவும் இது ஓடிகிட்டுதான் இருந்திருக்கு. யாரோட வெளிச்சம்னே தெரியாம அதைச் சொந்தக்காரங்க கணக்குல சேர்த்து, இலை போட்டு உட்கார வச்சிருக்கே.”

அந்த நேரம் பார்த்து அவனுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். கம்பெனியின் வியாபாரம் அவர் பொறுப்பு. ஒப்படைப்புக்காகப் புதுச் சட்டை போட்டு, கையில் ஒரு பூங்கொத்தோடு நின்றார்.

“என்னம்மா பதினொண்ணு, ஜுரம் விட்டுடுச்சா? நல்ல நாளும் அதுவுமா ஏன் ரெண்டு பேரும் எலியும் பூனையுமா நிக்கறீங்க?”

“பெரியத்தான், இந்த இழையில வேற எதையாவது ஓட்டறீங்களா?”

“எதையும் இல்லையே.” பிறகு யோசித்தார். “கேமரா படம் போகுதே, அதைக் கேட்கறியா? கோர்ட்டு வாசல் கேமராவை இந்த ஆபீஸ்லேர்ந்தே பார்க்கணும்னு இங்க இருக்கறவங்க கேட்டாங்க. புதுசா இழை இழுக்க எவ்வளவு நாளாகும்? இது சும்மாதானே கிடக்கு. நம்ம சாவி ஒரு நிறத்துல போகுது, மத்த நிறமெல்லாம் காத்து வாங்குது. அதான் கம்பெனிப் பையனை விட்டு மாட்டச் சொன்னேன்.”

“எப்ப?”

“நீ படுத்தியே, அதுக்கு முந்தின நாள்னு நினைக்கிறேன்.”

“அண்ணா!” என்று கத்தினான் அவள் கணவன். “ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் தலையைப் பிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தேன்!”

“ஏண்டா கத்தறே? வெளிச்சம்தானேடா. வெளிச்சம் வெளிச்சத்தை முட்டுமா?”

“முட்டாது. சிதறும். அறிவிருந்தா கேட்டிருப்பே.”

“யாருக்கு அறிவில்ல? நீ படிச்சுக் கிழிச்சதுக்கு நான்தான் ஃபீஸ் கட்டினேன், ஞாபகம் வச்சுக்கோ.”

“போதும்,” என்றாள் அவள். இரண்டு பேருமே நிறுத்தினார்கள். “பெரியத்தான், முதல்ல போன் பண்ணி அதை அணைக்கச் சொல்லுங்க. நீ அவரைத் திட்டாதே. அவர் தெரியாம வெளிச்சம் விட்டார். நீ தெரிஞ்சு கழிச்சே. ரெண்டும் ஒண்ணு இல்ல.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போன் செய்தார். சற்று நேரத்தில் மீட்டரின் முள் படுத்துவிட்டது. அவள் நீதிமன்றத்து இயந்திரத்தைத் திறந்துவிட்டு, துகள்கள் சேரும்வரை காத்திருந்தாள். திரையில் புதிய எண் வந்தது. மைனஸ் அரை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “அட, பிழையே இல்லாம அதுக்கும் கீழ போயிடுச்சே! இது நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது. திருடன் நம்மகிட்ட எடுக்கறதுக்குப் பதிலா நமக்குக் கொடுத்துட்டுப் போறானாம். உங்க தம்பியோட கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிரலைத் திறந்து அவன் எழுதிய வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். அழிக்கும்போது விசையை அவள் குத்திய குத்தில் மேசை ஆடி டீ தளும்பியது. திரை நாலரை என்றது. நேர்மையான நாலரை. சாவி அளவாக, ஒழுங்காகப் பிறக்கத் தொடங்கியது.

“அப்பாடா,” என்றார் அண்ணன். “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையப் பார்த்துச்சு. தப்பிச்சோம். இன்னும் கொஞ்ச நேரத்துல காப்பாளர் அம்மா சாப்பிட்டுட்டு இங்க வந்துடுவாங்க. கையெழுத்தைப் போடு, போட்டோ எடுத்துப்போம். நடந்தது நமக்குள்ள இருக்கட்டும்.”

கணவனும் நிமிர்ந்தான். “இப்ப லைன் சுத்தமாத்தானே இருக்கு. பழைய சாவியை எல்லாம் அழிச்சுடறேன். புதுசா ஆரம்பிப்போம். சரிதானே?”

அவளுக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது. இன்னும் உடம்பு அசதி தீரவில்லை, முதுகெல்லாம் வலித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“போன வாரம் அந்தச் சாவியை வச்சு என்ன அனுப்பினீங்க? சோதனைக்குன்னு நான் எழுதிக் கொடுத்த பொய் விலாசங்களைத்தானே?”

அவன் டீ தம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தான்.

“உன்னைத்தான் கேட்கறேன்.”

“காப்பாளர் கேட்டாங்க. ‘சாவிதான் வந்துடுச்சே தம்பி, நிஜத்தையே அனுப்பிப் பார்க்கலாமா, கோர்ட்டுல அவசரமா கேட்கறாங்க’ன்னு. நான்…” அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். “நம்பி அனுப்பலாம்னு சொன்னேன்.”

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அதை யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

“எத்தனை வீடு?”

“நாலு.”

“நாலு வீட்டு விலாசத்தை, பிறந்திருக்கவே கூடாத சாவியால பூட்டி அனுப்பிட்டு, எனக்கு ரசம் வச்சுக் கொடுத்துகிட்டு இருந்தியா நீ?”

“ஏம்மா, மெதுவா பேசு. வெளியில கேட்கும்,” என்றார் அண்ணன்.

“கேட்கட்டும். இந்தக் கட்டடத்துல கேட்க வேண்டியவங்கதான் இருக்காங்க.”

அவள் நேராகக் காப்பாளரின் அறைக்குப் போனாள். பின்னால் அண்ணன், “கம்பெனி மானம் போயிடும்மா, சொன்னா கேளு,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கணவன் அவருக்கும் பின்னால் வந்தான்.

காப்பாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, சுருக்கமாகப் பேசும் பெண். மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்து டப்பாவை மூடினார்.

“சொல்லுங்க.”

அவள் கணவனைப் பார்த்தாள். “சொல்லு.”

அவன் சொன்னான். தடுமாறித் தடுமாறி, ஆனால் எதையும் மறைக்காமல். காப்பாளர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“யாராவது பார்த்தாங்களா?”

“தெரியாதுங்க.”

“பார்க்கலைன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது,” என்றாள் அவள். “அந்தச் சாவியை வச்சுகிட்டு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது.”

அண்ணன் முன்னால் வந்தார். “மேடம், நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அது எங்க கேமரா வெளிச்சம்தான். வீணா பயப்பட வேண்டாம்.”

“மீதி ஒண்ணு எந்த வீட்டுக் கதவைத் தட்டும்னு சொல்லுங்க,” என்றார் காப்பாளர். “அந்த வீட்டை மட்டும் காலி பண்ணிக்கறேன்.”

அண்ணன் கையிலிருந்த பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார்.

காப்பாளர் தொலைபேசியை எடுத்தார். முதல் வீடு. “பையை எடுத்துக்கோம்மா. இப்பவே. கேள்வி அப்புறம்.” இரண்டாவது வீடு. அங்கே யாரோ அழுதார்கள். மூன்றாவது. “அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்புங்க.” ஒவ்வொரு முறையும் அவள் கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு தடவை, “என் வண்டி இருக்குங்க, நானே கொண்டுபோய்…” என்றான்.

“வேண்டாம். போற இடம் உங்க யாருக்கும் தெரியக் கூடாது. உங்க உதவி போதும்.”

நான்காவது வீட்டில் இருந்தவள் லேசில் விடவில்லை. காப்பாளர் கொஞ்ச நேரம் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை மேசைமேல் அவனை நோக்கித் தள்ளினார்.

“ஏன்னு கேட்கறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. இதில் உதவினால் அது வேறொரு கழித்தல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

“வணக்கம்ங்க,” என்றான் அவன். “லைன் போட்ட கம்பெனியிலேர்ந்து பேசறேன்… இல்லைங்க, யாரும் வர்றதா தெரியல. வரலைன்னும் சொல்ல முடியல. நான் ஒரு அளவைக் குறைச்சுக் காட்டிட்டேன்… தெரிஞ்சுதாங்க பண்ணேன்… பையனா? இப்பதான் ஸ்கூல்ல சிநேகிதன் கிடைச்சானா… மன்னிச்சுடுங்க… இல்லைங்க, கெட்ட எண்ணத்துல இல்ல. நல்லதுன்னு நினைச்சுத்தான்…”

மறுமுனைக் குரல் உயர்ந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“நல்லதுன்னு நினைச்சா? என் வீட்டுக்காரரும் அடிச்சு முடிச்சுட்டு இதையேதான் சொல்வார்.”

லைன் துண்டிக்கப்பட்டது. அவன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றான். காப்பாளர்தான் அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

“எல்லாரும் வெளிய இருங்க,” என்றார்.

தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. அண்ணன் அதில் பூங்கொத்தை வைத்துவிட்டு, ஆபீஸில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். போகும்போது, “கேமராவுக்குத் தனி இழை இழுக்கச் சொல்றேம்மா,” என்றார். அவருடைய மன்னிப்பு அப்படித்தான் வரும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கணவன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“அவ சொன்னதைக் கேட்டியா?” என்றான்.

“கேட்டேன்.”

“நான் அந்த ஆள் மாதிரியா?”

ஆறுதல் சொல்லிவிடலாம். அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

“இல்ல,” என்றாள். “ஆனா அது எனக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சு வச்சுக்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“என் மேல எவ்வளவு நாள் கோபமா இருப்பே?”

“இன்னிக்கு ஆரம்பிச்சிருக்கேன். முடியறப்ப சொல்றேன்.”

பொழுது சாயும் நேரத்தில் காப்பாளர் வெளியே வந்தார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நாலு வீடும் காலி. பத்திரமா சேர்ந்துட்டாங்க.”

“ரொம்ப நன்றிங்க,” என்றான் அவன்.

“எனக்கு எதுக்கு நன்றி?” என்றார். அவளிடம் திரும்பினார். “இன்னிக்கு உங்க கையெழுத்து வேண்டாம்மா. லைன் சரின்னு நீங்க சொல்ற அன்னிக்குப் போடுங்க. அதுவரைக்கும் நான் ஆளை விட்டே கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்பறேன். வெளியில போய் உதவி பண்ணேன்னு மட்டும் யாரும் சொல்லிக்காதீங்க.”

அவர் போனதும் இருவரும் பின்னறைக்குத் திரும்பினார்கள். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. அவன் கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். அவள் அதில் உட்கார்ந்து, போன வாரத்துச் சாவிகளை இரண்டு முனைகளிலும் ஒன்றுவிடாமல் அழித்தாள். பிறகு இயந்திரத்தைப் புதிதாகத் தொடங்கினாள்.

“நீ படி,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் வர்ற எண்ணைச் சத்தமா படி. நான் பார்க்க மாட்டேன்.”

“நீயே பார்க்கலாமே.”

“படின்னேன்.”

துகள்கள் சேர்ந்தன. அவன் திரையருகே குனிந்தான். “நாலரை.”

“கழிச்சா, கழிக்காமலா?”

அவன் காது சிவந்தது. “கழிக்காம.”

“சேர்த்துச் சொல்லு.”

“கழிக்காம நாலரை.”

“அடுத்தது.”

“கழிக்காம… நாலு புள்ளி ஏழு.”

“ஏறுதே. ஏன்?”

“தெரியல,” என்றான். அளந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. “பார்க்கணும்.”

“பாரு,” என்று மீட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் மண்டியிட்டு இழையின் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தாள்.